பதினோரு உருளைக்கிழங்கு

கார்டு வந்தது ஒரு புதன்கிழமை. அவித்த நெல்லைப் பாயில் கொட்டிவிட்டுக் காக்காய் ஓட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். தபால்காரரைத் தெருமுனையில் கண்டாலே காக்காயை மறந்துவிடுவேன். நாலு மாதமாக அப்படித்தான்.

என்னை ஆடிக்கு விழுப்புரம் அனுப்பிவைத்திருந்தார்கள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண் தாய்வீடு வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போகவேண்டும். ஆவணி போனது, புரட்டாசி போனது. தலை தீபாவளிக்காவது மாப்பிள்ளை வருவார் என்று நைனா அவருக்கு வேட்டி எடுத்து வைத்தார். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துணி கிடைக்காத உலக யுத்தக் காலம் அது. அந்த ஒரு வேட்டிக்காக இரண்டு நாள் கடை கடையாக அலைந்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது. கார்த்திகை வந்தபோது கிணற்றடியில் என்னைப் பார்த்து "எப்ப ஊருக்கு?" என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது இருந்த வலியைவிடக் கேட்காதபோது அதிகமாக வலித்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஐந்தாவது வரை படித்திருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பொய்யைச் சொல்ல முடிந்தது.

கார்டில் என் வீட்டுக்காரர் எழுதியிருந்தது நாலே வரி. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். உங்களிடம் நேரில் பேசவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவேன். சாப்பாடு ஏற்பாடு வேண்டாம்.

கடைசி வரியை மட்டும் இரண்டாவது தடவை படித்தேன். எங்கள் பக்கத்தில் பொண்ணு கொடுத்த வீட்டுக்கும் பொண்ணு எடுத்த வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு சண்டை இருந்தாலும் சரி, ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைத்துவிட்டால், அதாவது உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டால், உறவு இருக்கிறது என்று அர்த்தம். அறுத்துக்கொள்ள வருகிறவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷன், சாப்பாடு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பினால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஈரக் கையோடு நைனா வந்து நின்றார். பின்னாலேயே அம்மாவும் வந்தாள்.

"இன்னாம்மா எழுதியிருக்காரு மாப்ள?"

"ஞாயித்துக்கெழம வர்றாராம்."

"அப்பறம்?"

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். நாலு மாதத்தில் அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை. கடைசி வரி தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"சாப்பாட்டுக்கு உருளக்கெழங்கு பண்ணிவெக்கச் சொல்லி எழுதியிருக்காரு."

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் அது ஏன் உருளைக்கிழங்காக வந்து விழுந்தது என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கை போய்ச் சிக்கிக்கொண்டதே உருளைக்கிழங்கில்தான். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கலாம் என்றுதான் பார்க்கிறேன், சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

திண்டிவனத்தில் என் வீட்டுக்காரர் ஒரு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. வேர்க்கடலையைத்தான் மல்லாட்டை என்போம். மண்டி முதலாளி கடலூரில் இன்னொரு மண்டி திறக்கப்போகிறார், அதை இவர் பொறுப்பில்தான் விடப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தச் சமயத்தில் முதலாளியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். முதலாளி பட்டணத்தில் வாழ்ந்து பழகியவர், அவருக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர் என்று ஆள் வைத்துப் பட்டணத்திலிருந்து வாங்கிவரச் செய்தார். அதுவரை நான் அந்தக் கிழங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. என் மாமியாரும் அதை அடுப்பில் ஏற்றியதில்லை. "நீயே பண்ணு, ஒன் கைப்பக்குவத்த அவங்களும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

எங்களுக்குத் தெரிந்த கிழங்கு கருணை, சேனை, சேம்பு. இவை மூன்றும் நாக்கு அரிக்கும். தொண்டைக்குள் ஆயிரம் எறும்பு விட்டதுபோல அரிக்கும். அதற்குப் புளியைக் கெட்டியாகக் கரைத்து அதில் வேகவைக்கவேண்டும். இதைப் பத்து வயதுப் பெண்ணை எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். பழக்கமில்லாத கிழங்கு, முதலாளி வேறு வருகிறார், நாக்கு அரித்துவிட்டால் என்ன ஆவது என்று நான் தோல் சீவித் துண்டுபோட்டு, எலுமிச்சை அளவு போடவேண்டிய புளியை இரண்டு மடங்காகக் கரைத்து ஊற்றினேன். கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. கரண்டியால் குத்தினால் உள்ளே இறங்கவில்லை. இன்னும் காறல் போகவில்லை போலிருக்கிறது என்று மேலும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றினேன். முதலாளி வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அதையே வடித்து மசாலா போட்டுப் புரட்டி இலையில் வைத்தேன்.

முதலாளிக்கு முன்பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தார். முகம் மாறியது. உள்ளங்கையில் துப்பினார். கிழங்கும் வந்தது, பல்லும் வந்தது. ரத்தம் சாதத்தில் சொட்டியது.

அவர் கெட்ட மனுஷர் இல்லை, "பரவாயில்ல, பரவாயில்ல" என்று வாயைப் பொத்திக்கொண்டே எழுந்துபோனார். கடலூர் மண்டிக்கு ஒரு மாதம் கழித்து வேறொருவர் போனார். அதற்குக் காரணம் பல்லா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. என் மாமியாருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. "ராசியில்லாத கை" என்றார். கிழங்கு வேகாதது என் குற்றம், பல் விழுந்தது என் குற்றம், கடலூர் கைவிட்டுப் போனதும் என் குற்றம். என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால் நான் பதிலாவது சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு ஆடி வந்தது, அனுப்பினார்கள்.

இதெல்லாம் நைனாவுக்கும் தெரியும். அதனால்தான் உருளைக்கிழங்கு என்று நான் சொன்னதும் அவர் அதைப் பெரிய நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். "மறுபடியும் பண்ணிப் பாக்கச் சொல்றாரு. மனசு எறங்கிட்டாருன்னுதான அர்த்தம்?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு கிழங்கு கிடைக்கவில்லை. வருகிற மூட்டையெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். வியாழக்கிழமை அனந்தபுரம் சந்தைவரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஊரில் அந்தக் கிழங்கு தவறாமல் அடுப்பேறுவது ரயில்வே காலனியில் மட்டும்தான். அங்கே இன்ஜின் ஓட்டுகிற சட்டைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நைனா ஒரு சிறு மூட்டை மல்லாட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காலனிக்குப் போனார். எங்கள் நைனா சொந்த நிலத்தில் பயிர் வைத்தவர். அடுத்தவர் வாசலில் போய் நின்றவர் இல்லை, நின்றாலும் உட்காரச் சொல்லாத வீட்டில் நிற்காதவர். அவர் அன்றைக்குச் சமையல்கட்டுப் பின்வாசல் ஒவ்வொன்றாகப் போய் நின்று, உள்ளே வேலை செய்த பட்லரிடம், "மல்லாட்டய வாங்கிக்கினு ரெண்டு உருளக்கெழங்கு குடுங்க ஐயா, பொண்ணு வாழ்க்க" என்று கேட்டிருக்கிறார். இரண்டு வீட்டில் துரத்தினார்கள். ஒரு வீட்டில் நாய் விரட்டியது. சரளைக்கல்லில் விழுந்து முட்டி பெயர்ந்தது. நாலாவது வீட்டில் கிடைத்தது.

துண்டை அவிழ்த்துக் கூடத்தில் கொட்டினார். பதினோரு கிழங்கு. முட்டியில் ரத்தம் காலோடு வழிந்து காய்ந்திருந்தது. அம்மா பதறிக்கொண்டு மஞ்சளைக் குழைத்து வந்தாள்.

"உடு, உடு. மாப்ள வாயத் தொறந்து ஒண்ணு கேட்டாரு. அதக்கூடக் குடுக்க முடியலன்னா நான் இன்னா மனுசன்?" என்று நைனா சிரித்தார்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். அவர் கேட்கவில்லை நைனா, அவர் சாப்பிடவே மாட்டார் நைனா என்று காலில் விழுந்திருக்கவேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. கிழங்குகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

பிறகு ஒரு வைராக்கியம் வந்தது. அவரை எப்படியாவது உட்காரவைத்து ஒரு வாய் சாப்பிடவைத்துவிட்டால் போதும். அதற்கு அந்தக் கிழங்கு வேகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மூன்று கிழங்கை எடுத்துச் சோதனைக்கு வைத்தேன். சீவித் துண்டுபோட்டு, இந்தத் தடவை பழம்புளியாகப் பார்த்துக் கரைத்து, நன்றாக எரிகிற சவுக்கு விறகாகத் தேடிவைத்து ஏற்றினேன். மத்தியானம் ஏற்றியது. மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பி வந்துவிட்டது. கிழங்கு அப்படியே இருந்தது. ஓரம்கூட மசியவில்லை.

"கெழங்கே இப்பிடித்தான் போல. இதப் போயி எப்பிடித்தான் துன்றானுங்களோ" என்றாள் அம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாமியார் மேலா, கிழங்கு மேலா, நாலு வரி எழுதிப்போட்ட மனுஷர் மேலா, தெரியவில்லை. கையில் அகப்பட்ட ஒரு பச்சைக் கிழங்கை எடுத்து அடுப்புக்குள் வீசினேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "ஒங்க நைனா முட்டியப் பேத்துக்கினு கொண்டாந்தத நெருப்புல போடறியா?" என்று சொல்லிவிட்டு அவளும் அழ ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அடுப்பு தானாக அவிந்தது.

அப்புறம் அம்மாதான் மனசு கேட்காமல் குச்சியால் அந்தக் கிழங்கைத் தள்ளி வெளியே எடுத்தாள். தோல் கரிக்கட்டையாக இருந்தது. தட்டினாள். தோல் பிளந்து உள்ளே வெள்ளையாக, மாவாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"துன்னாத. புளி போடல. அரிக்கும்" என்றாள் அம்மா.

"அரிக்கட்டும்" என்று ஒரு விள்ளலை வாயில் போட்டேன். அம்மாவும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் நாக்கு எப்போது அரிக்கும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேசவில்லை. பேசினால் அரித்துவிடும் என்று பயம் போல. வாசலில் விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அரிக்கவில்லை. இந்தக் கிழங்குக்குப் புளியே ஆகாது, புளி போட்டால் இறுகிக்கொள்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திண்டிவனத்தில் வேகாத போதெல்லாம் நான் மேலும் மேலும் எதை ஊற்றினேனோ அதுதான் அதை வேகவிடாமல் செய்திருக்கிறது. என் ராசி ஒன்றும் இல்லை. அதை அங்கே போய் யாரிடம் சொல்வது?

மறுநாள் ஒரு கிழங்கை வெறும் தண்ணீரில் தோலோடு போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெந்து தோல் வெடித்தது. மிச்சம் ஆறு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தக் கார்டை எடுத்து அடுப்பில் போட்டுத் தீ மூட்டினேன். அந்த நெருப்பில்தான் கிழங்கு வெந்தது. அதிகம் குழையவிடாமல் எடுத்துத் தோல் உரித்து, ஆறவைத்து, பெரிய துண்டுகளாக நறுக்கிக்கொண்டேன். காய்ந்த மிளகாய், சோம்பு, கொஞ்சம் மிளகு, மஞ்சள் எல்லாம் வைத்து அம்மியில் கெட்டியாக அரைத்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன். பூண்டைத் தோலோடு நசுக்கினேன். கல்லுப்பைப் பொடித்து வைத்தேன். தாளிப்பதை மட்டும் செய்யவில்லை. அவர் வந்து உட்கார்ந்த பிறகு தாளிக்கவேண்டும், வாசனை போய் அவர் மூக்கில் ஏறவேண்டும் என்று காத்திருந்தேன். இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறவள் இல்லை நான். முழுகுகிறவளுக்குக் கையில் எது அகப்பட்டாலும் பிடிப்புத்தான்.

பத்து மணிக்குமேல் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பை எதுவும் இல்லை. கயிற்றுக் கட்டிலில் ஓரமாக, எழுந்து போகிறவர் மாதிரியே உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள்.

"வேணாங்க. ஸ்டேஷன்ல இப்பத்தான் குடிச்சேன்."

சொம்பைக் கட்டில்காலருகில் வைத்துவிட்டு அம்மா உள்ளே வந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

நான் இரும்புச் சட்டியை ஏற்றிச் செக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். கடுகு வெடித்தது. உளுந்து, கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம். அரைத்த மசாலாவைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கினேன். வாசனை எழும்பியது. முறத்தை எடுத்து அந்த வாசனையைக் கூடத்துப் பக்கமாக விசிறினேன். சாமி ஆடுகிறவள் மாதிரி விசிறினேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூடத்தில் அவர் பேசுவது கேட்டது. தொண்டையைச் செருமிச் செருமி, யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோலத்தான் பேசினார்.

"அம்மா ஒரு முடிவா இருக்காங்க. உங்க பொண்ணு இங்கயே இருக்கட்டும்னு சொல்றாங்க. மயிலத்துப் பக்கம் எனக்கு வேற எடம் பாத்துக்கினு இருக்காங்க. நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன். வீட்ல தெனம் பேஜாரு."

நான் கிழங்கைச் சட்டியில் போட்டு உப்பைத் தூவித் தீயைக் குறைத்தேன். கிளறாமல் விட்டால்தான் அடிப்பக்கம் சிவந்து மொறுமொறுவென்று வரும். கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் மாப்ள. மொதல்ல ஒக்காந்து சாப்புடுங்க."

"இல்லீங்க. சாப்பாடு வேணாம்."

"அப்பிடிச் சொல்லாதீங்க. நீங்க ஆசப்பட்டு எழுதிக் கேட்டீங்களேன்னு உருளக்கெழங்கு பண்ணியிருக்கு. அதுக்குத்தான் காலனிக்குப் போயி இந்த முட்டியப் பேத்துக்கினு வந்தேன்."

"நானா? நானா கேட்டேன்?"

"ஆமா மாப்ள. கார்டுல எழுதியிருந்தீங்களே."

அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும். புருஷனும் இல்லை, இனி நைனாவின் முகத்திலும் விழிக்கமுடியாது. கிணறு இருக்கிற திசையைக்கூட நான் ஒருதரம் நினைத்துவிட்டேன். இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. நினைத்தேன்.

பிறகு என்ன தோன்றியதோ, சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி அப்படியே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். ஆம்பிளைகள் பேசுகிற இடத்துக்கு நான் அதுவரை போனவள் இல்லை. அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சட்டியை நீட்டினேன். எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல்தடவையாகப் பார்த்தார். பிறகு நைனாவின் முட்டியைப் பார்த்தார். மஞ்சள் பற்று காய்ந்து வெடித்திருந்தது. கார்டில் என்ன எழுதினோம் என்பது அவருக்குத் தெரியும். அதைப் படித்துச் சொன்னது யார் என்பதும் அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் அதைக் கண்டேன்.

"ஆமா. எழுதியிருந்தேன். மறந்துட்டேன்" என்றார்.

இரண்டு விரலால் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டார். மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கம்மி" என்றார்.

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். விருந்தாளி எவனும் உப்பு கம்மி என்று சொல்லமாட்டான். அது அந்த வீட்டு மனுஷன் சொல்கிற வார்த்தை. அம்மா அழுதுகொண்டே ஓடிப்போய் இலை போட்டாள். அவர் சொம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். இலை ஓரத்தில் அம்மா உப்பு வைத்தாள். கிழங்கை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டியில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. நான் இலையை எடுக்கும்போது பார்த்தேன், வைத்த உப்பு வைத்தபடியே இருந்தது.

சாயங்கால வண்டிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு அவர் கட்டிலில் படுத்துத் தூங்கினார். நைனா அடுப்படிக்கு வந்து கேப்பைக் களியும் காலையில் வைத்த குழம்பும் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நாய் விரட்டி, ரத்தம் சிந்தி, கெஞ்சிக் கொண்டுவந்த கிழங்கில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. சட்டி அடியில் ஒட்டியிருந்த காந்தலைச் சுரண்டி அவர் தட்டில் வைத்தேன். விரலில் ஒட்டியதை நானும் நக்கினேன்.

நைனா அதை நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார். "உப்பு சரியாத்தான இருக்கு?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அவங்களுக்குப் பூர்வீகம் மரக்காணம் பக்கம். உப்பளத்துக்கிட்ட இருக்கறவங்க தூக்கலாத் துன்னுவாங்க போல" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

நைனா சாகிறவரை அந்தக் கார்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

வண்டியில் நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தலை தீபாவளி வேட்டி என் பெட்டிக்குள் இருந்தது. விக்கிரவாண்டி தாண்டும்வரை அவர் வெளியே மல்லாட்டைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் கார்டு எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

தலையை ஆட்டினார். அதற்காக என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பாவம் பார்த்தாரா, நைனா முட்டியைப் பார்த்து வெட்கப்பட்டாரா, கிழங்குதான் பிடித்துவிட்டதா? கேட்டு அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் நான் எந்த ஸ்டேஷனில் இறங்குவது? வண்டி மயிலம் ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. திண்டிவனம் நெருங்கும்போது சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"இனிமே உப்பு பாத்துப் போடு" என்றார்.

உப்பு சரியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"சரிங்க" என்றேன்.